தாய்மாமன் இடுப்பு பக்கிள்

பழங்காநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காளை கடை எங்கே என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பக்கிள் கடை என்று கேளுங்கள். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கிளாஸ் பிடித்த கையாலேயே வழி காட்டிவிடுவார். கடை என்றதும் கதவும் கண்ணாடியும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எப்போதோ மூடிப்போன ஒரு பேக்கரியின் ஷட்டர்தான் கடை. அதில் கொக்கி மாட்டிப் பெல்ட்டுகள் தொங்கும், கீழே பிஸ்கட் டின்களில் பக்கிள்கள் கிடக்கும், நடுவில் ஸ்டூல் போட்டுக் காளை உட்கார்ந்திருப்பார்.

பெல்ட் என்பது பேன்ட் நழுவாமல் இருப்பதற்கு என்று நம்புகிற அப்பாவிகள் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. “இடுப்புக்குன்னு வாங்குறவன் பாதிப் பேருதேன்” என்று ஆரம்பித்துவிடுவார். மீதிப் பேர் எதற்கு வாங்குகிறார்கள்? எக்ஸெல் வண்டியின் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கட்டுவதற்கு. ஜிப் போன சூட்கேஸை இறுக்குவதற்கு. சாத்தினால் நிற்காத ஆட்டோக் கதவை இழுத்துப் பிடிப்பதற்கு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் ஊசி வைத்த பக்கிள்தான் கேட்பார்கள், அந்த ஊசி முனையால் சாக்குத் தையலைப் பிரித்துவிடலாம். மாடு வளர்க்கிறவர்கள் சலங்கைப் பட்டைக்கு வளைய பக்கிள் கேட்பார்கள். ஊசி வைத்தது மாட்டின் கழுத்தில் குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து கை பிசகின கொத்தனார் ஒருவர் வந்து நின்றார். காளை ஒரு பெல்ட்டை அவர் கழுத்தில் மாட்டி, பக்கிளை ஏற்றி இறக்கி, கை தொங்காத உயரத்துக்குப் பிடித்துக் கொடுத்து, “இப்ப ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பிவைத்தார்.

கனமான பக்கிளாக் கேட்டு, கையில் சுற்றி வீசிப் பார்க்கிற பையன்கள் வந்தால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். “மண்டைய ஒடைக்கிற சரக்கு இங்க விக்கிறதில்ல. போங்கப்பா அங்கிட்டு” என்று விரட்டிவிடுவார். அவருக்கு ஏன் அத்தனை கோபம் வருகிறது என்று அந்தப் பையன்களுக்குத் தெரிய நியாயமில்லை.

வாலிபத்தில் அவர் இடுப்பிலேயே ஒன்று இருந்தது. மாட்டு வியாபாரிகள் வேட்டிக்கு மேலே கட்டுவார்களே, அகலமான பச்சை பெல்ட், அந்த ரகம். கம்பெனி போட்டுக் கொடுத்த பக்கிளைக் கழற்றி எறிந்துவிட்டு, வார்ப்பு வேலை செய்கிறவர் ஒருவரிடம் சொல்லி, உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளையில் வார்த்து மாட்டியிருந்தார். தன் பேருக்குத் தோதாகத் தலையைத் தாழ்த்திக் கொம்பை நீட்டும் ஒரு காளை. கொம்பு நுனி இரண்டும் தகட்டின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கும். அரம் போட்டு மழுக்கித் தருகிறேன் என்று வார்ப்புக்காரர் சொன்னதற்கு, “மழுங்குன கொம்பு எதுக்குண்ணே? நான் என்ன அடிமாடா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் இவர். அந்தப் பக்கிளில் சோடா மூடி திறப்பார், தேங்காய் நார் கிழிப்பார், அதிலேயே முகம் பார்த்துத் தலையும் சீவிக்கொள்வார். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அது முன்னால் போகும், மனுசன் பின்னால் போவார். அதைப் பார்த்துவிட்டுக் கடையைத் தேடி வந்தவர்களும் உண்டு. “இதுதேன் என் கடை போர்டு” என்று தட்டிக் காட்டுவார். அந்தப் பெருமை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முனீஸ்வரி அவருக்கு ஒரே தங்கச்சி. திருவாதவூரில் அழகுராஜாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. வயலும் மாடுமாக இருந்த நல்ல மனுசர் அவர். அவர்களுக்கு ஒரே பிள்ளை, ரோகிணி. மூன்று வயதில் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பன் ஆத்தா மடியெல்லாம் அன்றைக்குச் செல்லாது. காளை பட்டு வேட்டியும் பச்சை பெல்ட்டுமாக வந்து, கால் மடக்கி உட்கார்ந்தார்.

பூசாரிதான் முதலில் சொன்னார், தோல் பெல்ட் சாமிக்கு முன்னால் ஆகாது என்று. “தோலு இல்ல சாமி, இது கித்தான். தொட்டுப் பாருங்க” என்று இடுப்பைக் காட்டினார் காளை. கூட்டம் சிரித்தது. பூசாரியும் சிரித்துவிட்டார். முனீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணே, கழட்டி அண்ணிகிட்டக் குடுத்துரு. பிள்ளைக்கு உறுத்தும்” என்றாள்.

“உறுத்தட்டும் கழுதைக்கு. மாமன் மடின்னு தெரிய வேணாமா?”

அதற்கும் கூட்டம் சிரித்தது. மாமன் கேலி பேசினால் சிரிக்கத்தானே செய்வார்கள். ஆசாரி வலது காதில் மை வைத்துக் குத்தினார். சுருக்கென்றதும் பிள்ளை கத்திக்கொண்டு திமிறியது. வலி தாங்காத பிள்ளை எங்கே போகும்? யார் மடியில் இருக்கிறதோ அவரிடம்தானே போகும். அப்படியே திரும்பி, மாமன் வயிற்றில் போய் முகத்தைப் புதைத்தது. புதைத்த வேகத்தில் கொம்பு நுனி இடது புருவத்தைக் கிழித்துவிட்டது.

சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் தையல் போட்டுவிட்டு, நூல் அளவு தள்ளியிருந்தால் கண் போயிருக்கும் என்றார். அந்த வார்த்தை காளையின் காதில் அன்றைக்கு ஏறியதுதான், இன்றுவரை இறங்கவில்லை. இடது காது குத்தாமலே நின்றுபோனது. பிறகு ஒருநாள் நகைக்கடையில் வைத்து, அம்மா மடியிலேயே உட்கார வைத்துக் குத்திக்கொண்டார்கள். தாய்மாமனுக்குத் தகவல் சொல்லவில்லை. சங்கடப்படுவார் என்று நினைத்துத்தான் விட்டிருப்பார்கள். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

யாராவது நாலு அறை விட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். ஒருத்தரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அழகுராஜா ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, “விடுங்க மச்சான், வேணும்னா செஞ்சீங்க?” என்றார். அதுதான் வினையாகப் போயிற்று. திட்டு வாங்காத மனுசன் தன்னைத் தானே திட்டிக்கொள்ள ஆரம்பித்தால் அதற்கு ஒரு முடிவு உண்டா? பித்தளையை அந்த வாரமே எடைக்குப் போட்டார். அதன் பிறகு அவர் இடுப்பில் பக்கிள் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று யாராவது பெல்ட் கேட்டால், பக்கிளின் நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, உப்புத்தாளில் தேய்த்துவிட்டுத்தான் கொடுப்பார். வாங்க வந்த அம்மாக்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். தேய்த்து முடிக்காமல் அவர் தர மாட்டார்.

பக்கிளை விட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, தங்கச்சி வீட்டையும் விட்டுவிட்டார். பொங்கலுக்குப் போகவில்லை, திருவிழாவுக்குப் போகவில்லை. ரோகிணி பெரிய மனுசி ஆனதும் அழகுராஜாவே வெற்றிலைத் தட்டோடு வீடு தேடி வந்து சொன்னார். காளை தலையாட்டினார். சடங்கன்றைக்குக் காலையில், ஆம்பூரில் சரக்கு வந்திருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் போய்விடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு சரக்கும் வரவில்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி முழுவதும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். பெரிய மனுசியான பிள்ளை உட்காரத் தாய்மாமன் கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குடிசையை, அந்தக் குச்சிலை, அவருடைய சித்தப்பா மகன் மருது கட்டினான். கல்யாணத்தன்றைக்கு மண்டபம் வரைக்கும் போனார். மாமன் மாலை போட வரச் சொல்லி மைக்கில் பேரைக் கூப்பிட்டபோது, மனுசன் செருப்புப் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மாலையையும் மருதுதான் போட்டான்.

அவருடைய மனைவி முத்துமீனா சொல்லிப் பார்த்து அலுத்துப்போனாள். “அவுக ஒன்னையத் தள்ளி வைக்கல. நீயாத் தள்ளி நிக்கிற” என்பாள். காளை டின்னில் கையை விட்டுப் பக்கிள்களைக் கிளறிக்கொண்டிருப்பார்.

போன ஆடி மாதம், ஒரு மத்தியானம், “மாமா” என்று குரல் கேட்டு நிமிர்ந்தார். ரோகிணி நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு தட்டுமாக. ஆனையூரில் வாக்கப்பட்டு ஒரே ஊருக்குள் இருந்தாலும் வளர்ந்த பிறகு அவளை இத்தனை பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. இடது புருவம் நடுவில் முடி முளைக்காமல் ஒரு கோடு போட்டது போல் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை.

“நல்லாருக்கியாம்மா?”

“நல்லாருக்கேன் மாமா. இவன் சித்தார்த். தாத்தாவுக்கு வணக்கம் சொல்லுடா.”

பயல் வணக்கம் சொல்லாமல் பக்கிள் டின்னைப் பார்த்துக் கையை நீட்டினான். காளை சட்டென்று காலால் டின்னைத் தள்ளிவிட்டார். ரோகிணி அதைக் கவனித்தாள்.

“ஆவணி பொறக்கவும் இவனுக்குக் காது குத்துறோம் மாமா. எங்கப்பா வீட்டுச் சாமிக்குத்தேன் நேந்திருக்கோம். எனக்குத்தேன் அண்ணன் தம்பி கெடையாதுல்ல. என் தாய்மாமன் ஒக்காந்தா முறைதேன்னு பூசாரி சொல்லிட்டாரு. நீங்கதேன் இவன மடியில வச்சுக்கிறணும்.”

 சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? காளை அதை விட்டுவிட்டு, “மருது இருக்கான்லம்மா. அவன்தேன் எல்லாத்துக்கும் நின்னான்” என்றார்.

“மருது மாமா இருக்காருதேன். நான் ஒங்களத்தான கேக்க வந்திருக்கேன்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுக்குத்தான மாமா பயப்படுறீக? காலையில கண்ணாடி பாக்குறப்ப ஒருக்கா ஞாபகம் வரும். பொட்டு வச்சதும் மறந்துரும். சடங்கன்னைக்குக் குச்சிலுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன் பாருங்க, அது மறக்கல.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவர் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

“பாப்போம்மா.”

நம் ஊரில் பாப்போம் என்றால் மாட்டேன் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரோகிணிக்கும் தெரியும். தொங்கும் பெல்ட்டுகளுக்குக் கீழே ஒரு டின் மேல் தட்டை வைத்துவிட்டு, “வாரேன் மாமா” என்று போய்விட்டாள்.

அன்றைக்கு முத்துமீனா வாங்கினாளே ஒரு வாங்கு. “ஒரு பிள்ள வெயில்ல நடந்து வந்து கேட்டிருக்கு, பாப்போம்ன்னு சொன்னியாமே. என்னத்தய்யா பாக்கப் போற? நீ வந்தா வா, வராட்டிப் போ. நான் போறேன்.” சொன்னபடி முதல்நாளே திருவாதவூருக்குப் போய்விட்டாள், கூடமாட வேலை செய்ய.

காதுகுத்தன்றைக்குக் காலையில் காளை தனியாக எழுந்து உட்கார்ந்திருந்தார். அங்கே போவதில்லை என்றுதான் படுத்தார். எழுந்தபோது மனசு மாறிவிட்டது. அந்தப் பயலை மடியில் வைக்க வேண்டும் என்று ஒரு தவிப்பு வந்துவிட்டது. இனி இன்னொரு முறை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? குளித்தார், புது வேட்டியை எடுத்து இறுக்கி முடிந்தார். உடம்பில் கெட்டியாக என்ன இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தார். கை மோதிரத்தைக் கழற்றினார். வாட்சைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றில் தொங்கின தாயத்தை அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்த பேனா, செல்போன் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்தார். மெத்தென்ற துணி மட்டும் உடம்பில் இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். தாம்பாளத் தட்டில் பழம், பூ, குழந்தைக்குச் சட்டைத் துணி எல்லாம் வாங்கி நிறைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கோயிலுக்குத் திரும்புகிற மண் ரோட்டில் ஊர் எல்லைக் கல் ஒன்று உண்டு. தாய்மாமன் சீர் கொண்டுவந்தால் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். தங்கச்சி வீட்டார் கொட்டு மேளத்தோடு வந்து, தட்டை வாங்கி, மாமனைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். காளை கல்லுக்குப் பக்கத்தில் வேம்பு நிழலில் நின்றார். நின்றது சரிதான். ஆனால் இந்த மனுசன் வருகிறார் என்று அங்கே யாருக்கய்யா தெரியும்?

உள்ளே இருந்து பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நின்றார்.

“நீங்க பொண்ணுக்குத் தாய்மாமன்ல? அங்க ஒங்களத்தேன் தேடிக்கிட்டிருக்காக. ராகு காலம் பொறக்குறதுக்குள்ள குத்தணும்னு பூசாரி அவசரப்படுத்துறாரு. இங்க நின்னுக்கிட்டிருக்கீக?”

“வந்து கூப்புடட்டும்யா” என்றார் காளை.

“நேரமாகுதுங்க. நீங்களா நடந்து போங்க. என்ன இப்ப?”

“மொறைன்னு ஒன்னு இருக்குல்ல.”

பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு சைக்கிளில் ஏறி மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். காளைக்கு முறை மட்டும் கணக்கு இல்லை. வெளியே சொல்ல முடியாத ஆசை ஒன்று உள்ளே இருந்தது. மேளத்தோடு வந்து, அத்தனை பேர் பார்க்க, முனீஸ்வரி அவர் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அப்படி அழைத்துப் போய்விட்டால் அன்றைக்கு நடந்தது போய்விட்டது என்று ஊருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தானாக நடந்து போனால் அந்த ரத்தத்தோடு நடந்து போவது போலத்தான். அதனால் நின்றார். அவர்களோ, வந்தால் நேரே கோயிலுக்கே வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அங்கே நின்றார்கள். அட, கூப்பிடு தூரம் ஐயா!

வெயில் வேம்பு நிழலைத் தின்றுகொண்டே வந்தது. தட்டிலிருந்த பூ வாடத் தொடங்கியபோது மேளச் சத்தம் கிளம்பியது. காளை வேட்டியைச் சரிசெய்தார், முகத்தைத் துண்டால் துடைத்தார், தட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கச்சி முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மேளம் நகரவில்லை. நின்ற இடத்திலேயே வேகம் பிடித்தது. ஏன் வேகம் பிடிக்கிறது என்று அவருக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் அந்த நேரத்தில் கொட்டை முடுக்குவார்கள். மேளத்தை மீறிக்கொண்டு சித்தார்த் வீறிட்டது எல்லைக் கல் வரைக்கும் கேட்டது.

ஓடினார். பழம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து உருண்டு விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. கோயில் முன்னால் ஜமுக்காளத்தில் மருது கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். பயல் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தான். முனீஸ்வரி சர்க்கரையை விரலில் தொட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் கை நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முத்துமீனா மட்டும் பக்கத்தில் வந்து, பல்லுக்குள்ளேயே சொன்னாள். “எம்புட்டு நேரம்யா நிறுத்தி வச்சா அவ. எங்கண்ணன் வரும், கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்கன்னு ஆசாரி கையப் பிடிச்சுக்கிட்டா.”

ரோகிணி எழுந்து வந்து அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. வந்தவர்களை வரவேற்கிற முகம்தான் இருந்தது.

“ரெண்டு காதும் ஆச்சு மாமா. இருந்து சாப்பிட்டுப் போங்க.”

மாமன் வெட்ட வேண்டிய கிடாயை மருது வெட்டியிருந்தான். மாமன் நின்று பரிமாறச் சொல்ல வேண்டிய பந்தியில், காளை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். மருதுவின் மகன் குழம்பு வாளியோடு வந்து, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

“நீங்க யாரு வீட்டு ஆளுகய்யா?” என்று கேட்டான்.

காளை இலையைப் பார்த்தபடியே, “தெரிஞ்சவுகதேன் தம்பி, ஊத்து” என்றார்.